சிரித்தான் என்று நான் சொன்னேன்

மதுரங்குளிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். மருந்துச் சீட்டை நீட்டுகிறவர் மறுகையில் கைத்தொலைபேசியை எப்படிப் பிடித்திருக்கிறார் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். சரித்துப் பிடித்திருந்தால் பரவாயில்லை, அவர் பாட்டுக்கு ஏதோ பார்க்கிறார். நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்திருந்தால் நான் பின்பக்கம் போய்விட்டு வேறொருவரை அனுப்புவேன். கூட வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது பெரிய பகிடி. "ராத்தாவுக்கு வாற போற எல்லாருமே கள்ளனுகள்தான்" என்பார்கள். சொல்லட்டும். இந்தச் சந்தேகம் எனக்குப் பிறவியிலேயே இருந்ததில்லை. பதினாறு வயதில் வந்தது.

எங்கள் வீடு ஆலங்குடாவில் இருக்கிறது. கடற்கரைக்கு நடந்தால் பத்து நிமிடம். வாப்பா மீன் எடுத்து விற்றவர். கடலோரமாக அவருக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது, கொஞ்சம் தென்னை, ஓலையால் வேய்ந்த ஒரு வாடி. பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் வழுக்கி விளையாடும் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய பிறகு அந்தத் துண்டின் மேல் பலருக்குக் கண் விழுந்தது. ஒரு காணித் தரகர் அடிக்கடி வருவார். எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து, உம்மா போட்டுக் கொடுக்கும் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு விலை பேசுவார். வாப்பா விற்க மாட்டேன் என்றார். முதலில் மரியாதையாகக் கதைத்தார்கள், பிறகு உரத்துக் கதைத்தார்கள். பிறகு ஒரு நாள் அந்தியில், மஃரிப் வாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில், எங்கள் வாசல் படலையடியில் வைத்து வாப்பாவைக் கத்தியால் குத்திவிட்டு ஒருவன் ஓடினான்.

இனி எழுதப்போவதை நானே ஒருமுறைக்கு இருமுறை சோதித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அந்த நேரம் நான் பின்னால் கிணற்றடியில் தொழுகைக்காக வுழூச் செய்துகொண்டிருந்தேன். வாப்பா கத்தியது கேட்டது. வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தேன். வாப்பா மணலில் கிடந்தார். உம்மா அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பாதையில் ஒருவரும் இல்லை. நான் பார்த்தது இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட நான் பார்க்கவில்லை.

பார்த்தவர் உம்மா. குசினி ஜன்னல் படலையைப் பார்த்தபடி இருக்கும். குத்தினவனை அவர் அங்கிருந்து கண்டார். யாரென்றும் அவருக்குத் தெரியும், எத்தனையோ தடவை பிளேன்ரீ கொடுத்த ஆள்.

பொலிஸ் வந்தபோது உம்மாவுக்கு வாய் கட்டிப் போயிருந்தது. மனைவி பேசும் நிலையில் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் முற்பகல், பிரேத பரிசோதனை முடிந்து மையத்து வருகிறவரை எல்லோரும் காத்திருந்த நேரத்தில்தான் உம்மாவுக்குப் பேச்சு வந்தது. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் காதோடு எல்லாவற்றையும் சொன்னார். யார், எந்தப் பக்கத்தால் வந்தான், என்ன உடுத்திருந்தான், எப்படி ஓடினான், எல்லாம். சாச்சாவிடம் ஆளின் பெயரை நான்தான் போய்ச் சொன்னேன். சாச்சா வாப்பாவின் தம்பி, அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பொறுப்பானவர். அசர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவை அடக்கினார்கள்.

உம்மா இத்தாவில் இருந்தார். கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை மிகவும் பேணுதலாகச் செய்வார்கள். நடு அறைக்குத் திரை கட்டினார்கள், உம்மாவுக்கு வெள்ளை உடுப்புக் கொடுத்தார்கள். வெளி ஆண்களின் கண்ணில் படக்கூடாது, குரலும் கேட்கக்கூடாது. இது எனக்கு அப்போது ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது. உலகம் என்ன செய்தாலும் உம்மாவை ஒருவரும் தொந்தரவு செய்ய முடியாது என்று நினைத்தேன்.

அடக்கிய மறுநாள் காலையில் இரண்டு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். ஒருவர் கையில் மைக், மற்றவர் தோளில் கமரா. வேனிலிருந்து இறங்கும்போதே கமரா ஓடிக்கொண்டிருந்தது என்பது பிறகு வீடியோவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மைக்காரர் சலாம் சொல்லி, வாப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி, மனைவியோடு பேசலாமா என்று கேட்டார்.

"மச்சி இத்தாவுல இரிக்கிறாங்க. வெளி ஆம்புளயளுக்கு மொகம் காட்டேலா" என்றார் சாச்சா.

"ஆனா அவங்கதானே நேர்ல கண்டவங்க? ஊருல அப்படித்தான் கதைக்கிறாங்க."

சாச்சா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு கணக்கு ஓடியதை நான் கண்டேன். கண்டவர் உம்மா என்று சொன்னால் இவர்கள் போகமாட்டார்கள். திரைக்கு வெளியே நின்றாவது பேசச் சொல்லுவார்கள், ஜன்னலால் எட்டிப் பார்ப்பார்கள்.

"இல்ல, இல்ல. மச்சி உள்ளுக்கு இருந்த. அவங்க ஒண்டும் காணல்ல. மகள்தான் கண்ட. மகள் சொல்லுவா" என்றார்.

சாச்சா கெட்டவர் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். சாச்சாவின் மனைவி, எங்கள் சாச்சி, திரைக்குள்ளே போய் வந்து, "நான் சொன்னதச் சொல்லட்டும், நான் கண்டா என்ன அவ கண்டா என்ன, ரெண்டும் ஒண்டுதானே எண்டு ஒங்கட உம்மா சொல்றாங்க" என்றார். எங்களுக்கு அது பொய்யாகவே படவில்லை. உம்மாவின் கண்ணைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்குகிறோம், அவ்வளவுதான் என்று நினைத்தோம். உம்மாவை மூடினோம், என்னைத் திறந்து விட்டோம். எனக்கு இத்தா இல்லையே, நான் பதினாறு வயதுப் பிள்ளைதானே. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

படலையடியில் ஒரு கதிரையைப் போட்டார்கள். வெளிச்சம் சரியில்லை என்று மூன்று தடவை இடம் மாற்றினார்கள். கடைசியில் கதிரை வைத்த இடம், முந்தின நாள் சாச்சா புது மணல் கொட்டி இரத்தத்தை மூடிய இடம். நான் அதைச் சொன்னேன். "பரவால்ல தங்கச்சி, கீழ உள்ளது படத்துல வராது" என்றார் கமராக்காரர்.

உம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். சொல்லும்போது 'உம்மா கண்டா' என்ற இடத்தில் 'நான் கண்டேன்' என்று போட்டுக்கொண்டேன். அது ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. மைக்காரருக்குத்தான் திருப்தி வரவில்லை.

"ஓடேக்குள்ள திரும்பிப் பாத்தானா?"

"ஓம்" என்றேன். அது உண்மை, உம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"பாத்து என்ன செஞ்சான்?"

நான் நடு அறைப் பக்கம் பார்த்தேன்.

"சிரிச்சானா?"

நான் தலையைக் குனிந்தேன்.

"சிரிக்கிற மாதிரி இருந்திச்சா தங்கச்சி? யோசிச்சிச் சொல்லுங்க."

"ஓம்."

"அப்ப அத முழுசாச் சொல்லுங்க. அவன் திரும்பிப் பாத்துச் சிரிச்சான் எண்டு."

சொன்னேன். அந்த நேரம் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் போனதால் சத்தம் கெட்டுவிட்டது, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். இரண்டாம் தடவை எனக்கு அழுகையும் வந்தது. மைக்காரர் கமராக்காரருக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பெருவிரலைக் கண்டபோது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. பரீட்சையில் சரி போட்டுக் கொடுத்தால் வருமே, அதேதான். வாப்பாவை அடக்கி ஒரு நாள் ஆகவில்லை. அந்தச் சந்தோஷத்துக்காக நான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று பின்நேரமே வீடியோ வெளியே வந்துவிட்டது. சாச்சி தன்னுடைய தொலைபேசியில் உம்மாவுக்குப் போட்டுக் காட்டினார். முதலில் வாப்பாவின் படம் வந்தது, பிறகு சோகமான இசை, பிறகு நான். பார்த்து முடித்துவிட்டு உம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அவன் சிரிக்கல்லயே புள்ள."

"அவங்க கேட்டாங்க உம்மா."

உம்மா தொலைபேசியைச் சாச்சியிடம் திருப்பிக் கொடுத்தார். "சரி. சொல்லியாச்சி. இனி மாத்தாத" என்றார்.

மூன்று நாள் கழித்துப் பொலிஸ் என்னிடம் வாக்குமூலம் எடுத்தது. எழுதிக்கொண்டவரிடம் வீடியோ இருந்தது. அதை ஓடவிட்டு, நிறுத்தி, "இதானே?" என்று கேட்பார். நான் ஓம் என்பேன். அவர் சிங்களத்தில் எழுதுவார். உம்மாவிடம் ஒரு பெண் பொலிஸை அனுப்பிக் கேட்கலாமா என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தாய் ஒன்றும் காணவில்லை என்று சாச்சா அதே வீடியோவில் சொல்லியிருக்கிறாரே. தரகரைப் பிடித்தார்கள். சில மாதத்தில் பிணையில் வந்தார்.

'சிரித்துவிட்டுப் போன கொலையாளி.' எல்லா இடத்திலும் தலைப்பு அதுவாகத்தான் இருந்தது. வேறு சனல்கள் வந்தன. எல்லோரும் அந்தச் சிரிப்பைத்தான் கேட்டார்கள். வாப்பா என்ன வேலை செய்தார், எப்படிப்பட்ட மனிதர் என்று ஒருவரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, கூட்டத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, அவன் எப்படிச் சிரித்தான் என்று செய்து காட்டச் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய ஆசை. நான் செய்து காட்டினேன். ஒரு தடவை பொய் சொன்னவருக்கு இரண்டாம் தடவை யோசனையே வராது.

வீடியோவுக்குக் கீழே சனங்கள் எழுதியதையெல்லாம் நான் வாசித்தேன். வாசிக்காதே என்று எல்லோரும் சொன்னார்கள், சொல்லிவிட்டு அவர்களும் வாசித்தார்கள். வாப்பா மௌத்தாகி மண் காயவில்லை, இந்தப் பிள்ளை கமராவுக்கு முன்னால் நிற்கிறது என்று ஒருவர். முந்தானை சரியில்லை என்று ஒருவர். அழுகை நடிப்புப் போல இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஒருவர்தான் சரியாகக் கண்டுபிடித்தவர் என்று எனக்குப் பயம் வந்தது. பாதையில் யார் என்னைப் பார்த்தாலும், அதை எழுதியவர் இவராக இருக்குமோ என்று பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருப்பவரையும் அப்படித்தான் பார்ப்பேன். கல்பிட்டிப் பாதையில் ஓடும் பஸ் எல்லாம் எனக்குச் சந்தேகப் பஸ்ஸாகிவிட்டது.

ஒரு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்தார். கமரா இல்லை, மைக் இல்லை. உம்மாவுக்கென்று ஒரு பை பழங்கள் கொண்டுவந்தார். பெண் என்பதால் திரைக்குள்ளே போய் உம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். பிறகு என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், தன்னுடைய தகப்பன் செத்த கதையைச் சொன்னார். அவர் அழுதார், நானும் அழுதேன். அந்த அழுகையில் என் மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். உம்மா திரைக்குள்ளே நிம்மதியாக இருக்கிறா, என்னை வெளியே போட்டுவிட்டா, சில நேரம் எனக்கு உம்மாவில் வெறுப்பாக இருக்கிறது என்று சொன்னேன். தொலைபேசி அவருடைய கைப்பைக்குள் இருந்தது. ஒரு வாரத்தில் அது கட்டுரையாக வந்தது, என் சொற்கள் அப்படியே. சொந்தக்காரர் யாரோ உம்மாவுக்கு அனுப்பி வைத்தார்கள்.

உம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் என்னோடு ஒரே சகன் தட்டில் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் எதுவும் நடக்காததுபோல் சோற்றில் மீனைப் பிய்த்து என் பக்கம் வைத்தார். அதிலிருந்து, அன்பாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு அதிகமாகப் பயம். முரட்டுத்தனமாகக் கேட்கிறவர் என்ன எடுக்க வந்திருக்கிறார் என்று தெரியும். பழம் கொண்டுவருகிறவரிடம் அது தெரியாது.

நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்தது. துஆ ஓத வந்த மௌலவியிடம் உம்மா வாசலுக்கு இப்பால் நின்று ஒரு கேள்வி கேட்டார். பொலிஸுக்குப் போய், நான்தான் கண்டேன் என்று இப்போது சொல்லலாமா என்று. மௌலவிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு சாச்சாவைத் திரும்பிப் பார்த்தார்.

"சாட்சி சொல்றதுக்கு இத்தா தடயில்லயே. தேவ எண்டா வெளியிலயும் போகலாம். ஏன் எங்களட்ட ஒரு வார்த்த கேக்கல்ல?"

கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கமராவும் மைக்கும் வந்து நின்ற அந்த ஐந்து நிமிடத்தில் நாங்களே ஒரு சட்டத்தைச் செய்து, அதை மார்க்கம் என்று நம்பிவிட்டோம்.

"இனி மாத்தினா கேஸ் ஒடஞ்சிரும். வீடியோ இரிக்கி. மகள் பொய் சொல்லிட்டா எண்டு சிறைக்குப் போட்டாலும் போடுவாங்க" என்றார் சாச்சா.

உம்மா என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கதையை விட்டுவிட்டார்.

எட்டு வருஷம் போனது. ஒவ்வொரு வருஷமும் அந்த நாள் கிட்டும்போது யாராவது அழைப்பார்கள். முதலில் மறுத்தேன். மறுத்தால், ஏன் மறுக்கிறீர்கள், தரகரின் ஆட்களிடம் காசு வாங்கிவிட்டீர்களா என்று கேட்பார்கள். அதனால் சொன்னதையே சொன்னேன், சிரிப்பையும் சேர்த்து. பழைய வீடியோவை உம்மா தன்னுடைய தொலைபேசியில் வைத்திருந்தார். வாப்பாவின் நல்ல படம் ஒன்று அதன் தொடக்கத்தில் வருகிறது, வீட்டில் அந்தப் படத்தின் பிரதி இல்லை. வாப்பாவைப் பார்க்கத்தான் உம்மா அதைப் போடுவார். ஆனால் படம் போன பிறகும் நிறுத்தமாட்டார், கடைசிவரை ஓடும். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு எத்தனையோ நாள் அதைக் கேட்டிருக்கிறேன். என்னுடைய பதினாறு வயதுக் குரல் நடு அறையிலிருந்து வரும்.

எனக்குக் கனவு வரும். அதில் நான் கிணற்றடியில் இருக்கமாட்டேன். படலைக்கு முன்னால், ஒரு மனிதனின் தோள் உயரத்தில் இருந்து பார்ப்பேன், கமரா இருந்த உயரம் அது. தரகரின் முகம் இல்லை, நான் ஒருபோதும் காணாத ஒருவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். பல்லெல்லாம் தெரியும்.

மேல் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. நான் உம்மாவிடம் போய், என்னால் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்ல முடியாது என்றேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன்.

"சொல்லாத. நான் வாறன். நான் கண்டத நான் சொல்றன். எட்டு வருஷம் ஒனக்குப் பின்னால ஒளிச்சிருந்தது போதும்" என்றார் உம்மா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கட்டுரையை அவர் மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எட்டு வருஷத்தில் முதன்முறையாக, நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நிற்கிறோம் என்று நினைத்தேன்.

அரச சட்டத்தரணிக்குச் சொன்னபோது அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். கோபம் தணிந்த பிறகு, சரி, உண்மையையே சொல்லுங்கள், தாயையும் அழைக்க அனுமதி கேட்கிறேன் என்றார். நான் கூண்டில் ஏறினேன். கொலையைக் காணவில்லை என்றேன். உம்மா சொன்னதை என்னுடையதாகச் சொன்னேன் என்றேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வீடியோவைப் போட்டார்.

"சிரித்தான் என்கிறீர்களே, அதையும் உங்கள் தாய்தான் சொன்னாரா?"

"இல்லை. அவர் சிரிக்கவில்லை. மைக் பிடித்தவர் கேட்டார், நான் ஓம் என்றேன்."

அதைச் சொன்னபோது எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. தரகரைப் பார்த்தேன். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, ஒரு சாதாரண மனிதராக நின்றார். அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த சாட்சி என்பதால் உம்மாவை உள்ளே விடவில்லை, வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சாட்சியம் முடியும்வரை வழக்கைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று எங்களுக்குச் சொன்னார்கள். அடுத்த தவணை ஒரு மாதம் கழித்து. ஒரே வீட்டில், ஒரே சகனில் சாப்பிட்டுக்கொண்டு, நாங்கள் ஒரு மாதம் அதைப் பற்றிப் பேசவில்லை. சட்டத்தை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரு குடும்பத்தை அந்த நீதிமன்றம் கண்டிருக்காது.

உம்மா முகத்தைத் திறந்துகொண்டு கூண்டில் ஏறினார். குரல் நடுங்கவில்லை. குசினி ஜன்னல், படலை, கத்தி, தரகரின் பெயர், எல்லாவற்றையும் நேராகச் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. பிறகு என்ன நடந்தது என்று அரச சட்டத்தரணி கேட்டார்.

"படலயத் தாண்டிப் போனவன் திரும்பிப் பாத்தான். பாத்துச் சிரிச்சான்."

எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மெதுவாக எழுந்தார். மிகவும் அன்பாகக் கேட்டார். எப்படிச் சிரித்தான் அம்மா? உம்மா சொன்னார், எந்தப் பக்கம் உதடு கோணியது, எப்படிப் பல் தெரிந்தது என்று. பொய் சொல்கிறவரின் முகம் எனக்குத் தெரியும், நான் எட்டு வருஷம் அந்த முகத்தோடு வாழ்ந்தவள். உம்மா பொய் சொல்லவில்லை. அவர் அதைக் கண்ணால் கண்டுகொண்டு நின்றார்.

சட்டத்தரணி என் சாட்சியத்தை எடுத்து வாசித்தார், அவர் சிரிக்கவில்லை என்ற இடத்தை இரண்டு தடவை. அதே வீடியோவில் சாச்சா பேசுவதையும் போட்டார், மச்சி ஒன்றும் காணவில்லை என்ற இடத்தை. பிறகு கேட்டார்.

"உங்கள் மகள் செய்த பொய்யை நீங்கள் எப்படி அம்மா ஜன்னலால் கண்டீர்கள்?"

உம்மா சனத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்ணை எடுத்துவிட்டேன்.

சில மாதத்தில் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்துத் தரகரை விடுதலை செய்தார்கள். வெளியே மைக்குகள் நீண்டன. நான் உம்மாவை அணைத்துக்கொண்டு வேனில் ஏறினேன், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும், அந்தப் பயணத்தில் எனக்கு உம்மாவிலும் சந்தேகம் வந்தது. சிரிப்பு வீடியோவிலிருந்து வந்தது என்றால், மற்றதெல்லாம் எங்கிருந்து வந்தது? ஜன்னலடியில் அவர் நின்றது உண்மையா? உண்மைதான் என்று எனக்குத் தெரியும், வீடியோவே இல்லாத நேரத்தில் என் கையைப் பிடித்து அவர் சொன்னது. தெரிந்தும் சந்தேகம் வந்தது.

மறுநாள் காலையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது உம்மா தானாகவே பேசினார். கோபம் எதுவும் இல்லை.

"அந்தச் சிரிப்பு எனக்குக் கண்ணுக்குள்ளயே இரிக்கி மகள். நீ இல்ல எண்டு சொன்னா இல்லதான். ஆனா அத எடுத்துப் போட்டா அந்த எடத்துல ஒண்டுமில்ல. மொகமே இல்ல."

நான் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

"மையத்து வாற வரக்கும் காத்துக்கொண்டிருக்கேக்குள்ள ஒனக்கு எல்லாத்தயும் சொன்னனே. திரும்பிப் பாத்தநேரம் அவன்ட மொகம் எப்படி இருந்திச்சி எண்டும் சொன்னன். சொன்னது நல்லா ஞாபகம் இரிக்கி, என்ன சொன்னன் எண்டுதான் வருதில்ல. நீ சொல்லு."

உம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தேடினேன். அவருடைய நகம் என் மணிக்கட்டில் பதிந்தது ஞாபகம் வந்தது. முற்றத்து வெயில் ஞாபகம் வந்தது. காதில் பட்ட சூடான மூச்சும், உதடு அசைந்ததும்கூட ஞாபகம் வந்தது. அந்த உதட்டிலிருந்து வந்த குரல் மட்டும் உம்மாவுடையதாக இல்லை. அது என்னுடைய குரல், பதினாறு வயதுக் குரல், இடையில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது.

"சிரிக்கல்ல உம்மா. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்ப என்ன செஞ்சான்?"

"தெரியல்ல உம்மா" என்றேன். என்னைத் தவிர வேறு ஒருவருக்கும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை.